முன் பட்டை விழுந்த பிக்கப்: தூக்குவதா, மாற்றுவதா?

திண்டுக்கல் மாவட்டத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். சொந்தமாக ஒரு பிக்கப் வைத்து அவரே ஓட்டுகிறார். வண்டிக்கு ஒன்பது வயது. கீழ்ப்பழனி மலைக் கிராமங்களில் சவ்சவ்வும் வாழைத்தாரும் ஏற்றிக்கொண்டு ஒட்டன்சத்திரம் சந்தைக்கு இறங்குவது அவர் தொழில். முன்னாலும் பின்னாலும் பட்டை, அதாவது எஃகுத் தகடுகளை அடுக்கிக் கட்டிய ஸ்பிரிங், போட்ட வண்டி. ஒரு வருடமாகவே முன்பக்கம் தாழ்ந்து வருகிறது, அதிலும் டிரைவர் பக்கம் கிளீனர் பக்கத்தைவிட நாலரை சென்டிமீட்டர் கீழே நிற்கிறது. காலி வண்டியில் பின்பக்கத்தைவிட முன்பக்கம் ஏழு சென்டிமீட்டர் இறக்கம்.

ஷாக் அப்சார்பர் இரண்டையும் மாற்றியிருக்கிறார், பலனில்லை. எட்டு மாதத்துக்கு முன் ஒரு பட்டறையில் டிரைவர் பக்கப் பட்டையைக் கழற்றி, உலையில் சிவக்கக் காய்ச்சி, வளைத்து, தண்ணீர் ஊற்றிக் கொடுத்திருக்கிறார்கள். மூன்றே மாதத்தில் பழையபடி இறங்கிவிட்டது. கேட்டதற்கு "வாடகை வண்டிக்கெல்லாம் கியாரண்டி கிடையாது" என்று பதில். இப்போது வேறொரு கடைக்காரர் 8 மில்லி கனத்தில் ஒரு பட்டை கூடுதலாக வைக்கலாம் என்கிறார். மச்சான் ஆக்ஸிலுக்கும் பட்டைக்கும் நடுவில் இரும்புக் கட்டை வைத்துத் தூக்கலாம் என்கிறார். இவரோ அமெரிக்க வீடியோக்களில் பார்த்ததுபோல முன்னும் பின்னும் ஒரே மட்டமாக நிற்க வேண்டும் என்று ஆசைப்படுகிறார். ஐந்து வாரத்தில் எஃப்.சி. (வண்டியின் தகுதிச் சான்று) வருகிறது. "எதைச் செய்தால் ஒரே செலவோடு போகும் சார்?" என்பது கேள்வி.

அன்புத் தம்பிக்கு,

நீங்கள் இரண்டு அளவு எழுதியிருக்கிறீர்கள். இரண்டையும் ஒரே கோளாறாக எடுத்துக்கொண்டதால்தான் இத்தனை குழப்பம். இடது வலது வித்தியாசமான நாலரை சென்டிமீட்டர் கோளாறுதான், சந்தேகமே இல்லை. முன் பின் வித்தியாசமான ஏழு சென்டிமீட்டரில் பெரும்பகுதி உங்கள் வண்டியைச் செய்தவர்களே வைத்தது. சரக்கு வண்டி காலியாக நிற்கும்போது பின்பக்கம் தூக்கலாகத்தான் நிற்கும். சுமை ஏறியதும் பின் பட்டை அமர்ந்து வண்டி மட்டத்துக்கு வர வேண்டும் என்பது கணக்கு. காலியிலேயே மட்டமாக்கிவிட்டால் சுமை ஏறியதும் மூக்கு வானத்தைப் பார்க்கும். உங்கள் வண்டியில் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவே சுமார் மூன்று மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். முன்பக்கம் ஏழு சென்டிமீட்டர் கூடுதலாக நிமிர்ந்தால், ஹெட்லைட் வெளிச்சம் 25 மீட்டர் தூரத்தில் அரை மீட்டருக்கும் மேலே போய் விழும். மலைப்பாதையில் எதிரே வருபவரின் கண்ணில் அடித்துக்கொண்டே இறங்குவீர்கள். ஸ்டியரிங்கும் லேசாகிவிடும்.

நீங்கள் பார்த்த வீடியோக்கள் வேறு ஊர்க் கதை. அங்கே பெரிய டயர் போடவும் பார்வைக்காகவும் முன்பக்கத்தை உயர்த்துகிறார்கள். ஃபோர்டு சூப்பர் டூட்டி வண்டிகளில் 1999 முதல் 2004 வரை வந்த நாலு சக்கர இழுவை மாடல்களுக்கு முன்னால் பட்டைதான், 2005 மாடலிலிருந்து காயில் ஸ்பிரிங். அந்தப் பழைய வண்டிகளில் பட்டை தளர்ந்துபோனதால் கனமான செட் மாற்றுபவர்களும் உண்டு. அவர்களில் பலர் வாரத்தில் ஐந்து நாள் காலி வண்டியில் வேலைக்குப் போய்வருபவர்கள். உங்களுக்கு மாதத்தில் இருபத்தைந்து நாள் லோடு.

பட்டை விழுவது என்றால் என்ன

பட்டை விழுந்தால் அதன் பலம் குறைந்துவிட்டது என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். பட்டறைக்காரர்களில் பாதிப் பேரும் அப்படித்தான் சொல்வார்கள். உண்மையில் எஃகின் விறைப்பு அப்படியேதான் இருக்கிறது. போனது வளைவு. 100 கிலோ வைத்தால் முன்பு எவ்வளவு அமுங்கியதோ இப்போதும் அவ்வளவே அமுங்கும். ஆனால் கீழிருந்து தொடங்குவதால் சீக்கிரம் ரப்பர் ஸ்டாப்பரில் போய் முட்டுகிறது. "பலம் போய்விட்டது, ஒரு பட்டை சேர்ப்போம்" என்கிற வைத்தியம் அதனால்தான் பொருந்துவதில்லை. நோய் வளைவில், மருந்து விறைப்புக்கு.

ஷாக் அப்சார்பர் விஷயமும் இதேதான். சாதாரண ஹைட்ராலிக் ஷாக் எடையைத் தாங்குவதே இல்லை, ஆட்டத்தை அடக்குவது மட்டுமே அதன் வேலை. அதை மாற்றி வண்டி உயர்ந்த சரித்திரம் கிடையாது. பரவாயில்லை, ஒன்பது வருட ஷாக் எப்படியும் மாற்ற வேண்டியதுதான்.

வளைவு ஏன் போகிறது? ஓவர்லோடு ஒரு காரணம், அதற்குப் பிறகு வருகிறேன். உங்கள் கடிதத்தில் போகிறபோக்கில் எழுதிய ஒரு வரிதான் எனக்கு முதலில் கண்ணில் பட்டது. பம்பருக்கு முன்னால் நாற்பது கிலோ இரும்பு கார்டு, கேபின் மேல் கேரியர், அதில் தார்ப்பாயும் கயிறும். அந்தக் கார்டு முன் ஆக்ஸிலிலிருந்து முக்கால் மீட்டர் வெளியே தொங்குகிறது என்றால், நெம்புகோல் கணக்கில் நாற்பது கிலோ முன் ஆக்ஸிலுக்கு ஐம்பது கிலோவாகத் தெரியும். இரவும் பகலும் இறக்கி வைக்காத ஐம்பது கிலோ. மலை இறக்கத்தில் பிரேக் பிடிக்கும்போது வண்டி எடை முன்னுக்குச் சாய்கிறது, கொண்டை ஊசி வளைவில் வெளிப்பக்கப் பட்டைக்கு இன்னும் கூடுதல். ஒன்பது வருடம் தாங்கியதே பெரிது.

முதலில் அளந்து பாருங்கள்

நீங்கள் எங்கே நிறுத்தி அளந்தீர்கள் என்று எழுதவில்லை. வீட்டு வாசல் என்றால் அந்த அளவை மறந்துவிடுங்கள். எடை மேடைக்குப் போங்கள். தளம் மட்டமாக இருக்கும், எடையும் பார்த்துவிடலாம். டயர் காற்று இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்கட்டும். வண்டியைக் கொஞ்சம் முன்னும் பின்னும் உருட்டி, பானெட்டை நாலு தடவை அழுத்திவிட்டு, சக்கரத்தின் மையத்திலிருந்து மட்கார்டு விளிம்பு வரை நாலு மூலையிலும் அளந்து எழுதுங்கள். ஆக்ஸிலிலிருந்து சேஸ் வரையும் தனியாக அளங்கள். மட்கார்டு அளவில் வித்தியாசம், சேஸ் அளவில் இல்லை என்றால் சாய்ந்திருப்பது கேபின்தான். கேபினைத் தாங்கும் ரப்பர் போயிருக்கும். பட்டையின் மேல் பழி போட்டுவிட்டு ரப்பர் நசுங்கிக் கிடந்த வண்டிகளைப் பார்த்திருக்கிறேன்.

பிறகு முன் சக்கரங்களை மட்டும் மேடையில் ஏற்றி ஒரு எடை, முழு வண்டிக்கும் ஒரு எடை. ஆர்.சி.யில் உள்ள காலி எடையோடு ஒப்பிட்டால் கார்டும் கேரியரும் எவ்வளவு சேர்த்திருக்கின்றன என்று தெரிந்துவிடும்.

சாய்வு முன்னாலிருந்து வருகிறதா, பின்னாலிருந்தா என்பதையும் பார்த்தாக வேண்டும். பின் பட்டை ஒரு பக்கம் தளர்ந்தாலும் முன்பக்கம் சாய்ந்ததுபோலத் தெரியும். இதைப் பட்டறையில் செய்யச் சொல்லுங்கள். முன் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, பின்னால் சேஸின் குறுக்குச் சட்டத்துக்கு நட்டநடுவில் ஜாக்கி வைத்து, பின் டயர்கள் தரையை விட்டு விரல் கனம் எழும்பும் வரை தூக்க வேண்டும். இப்போது பின் பட்டைகளுக்கு இதில் பேச்சில்லை. அப்போதும் டிரைவர் பக்கம் சாய்ந்தே நின்றால் கோளாறு முன்னால். நிமிர்ந்துவிட்டால் நீங்கள் இத்தனை நாள் தவறான இடத்தில் செலவு செய்திருக்கிறீர்கள். இருபுறமும் ஸ்டாண்டு தயாராக நிற்கட்டும், ஒருவரும் அடியில் போகக் கூடாது.

அளந்த கையோடு ஒரு கம்பி பிரஷும் டார்ச்சும் எடுத்துக்கொண்டு பட்டை அடுக்கைப் பாருங்கள். மண்ணையும் கிரீஸையும் தேய்த்து எடுத்துவிட்டு, அடுக்கை நடுவில் கோத்துப் பிடிக்கும் சென்டர் போல்ட்டை ஒட்டியும், அடுக்கிலேயே நீளமான மெயின் பட்டையின் முனை வளையமாகச் சுருளும் கண் வளைவிலும் விளக்கடித்துப் பாருங்கள். குறுக்காக முடி போல ஒரு செந்துருக் கோடு தெரிந்தால் அது விரிசல். உடைந்த பட்டையை நான் கையில் எடுத்ததும் பார்ப்பது அந்த முறிந்த முகத்தைத்தான். ஒரு ஓரம் கருத்து, துருவேறி, மணலில் அலை விட்டுப்போன வரிகள்போல வளைவு வளைவாக இருக்கும். அது மாதக்கணக்கில் மெல்ல மெல்லக் கிழிந்த பகுதி. மீதி சர்க்கரைக் கட்டியை உடைத்ததுபோலப் பளபளவென்று இருக்கும். அது கடைசியாக ஒரு குழியில் 'டப்' என்று போன பகுதி. கருத்த பகுதி பெரிதாக இருந்தால், அந்த வண்டி எவ்வளவு நாள் அப்படியே ஓடியிருக்கிறது என்று நினைத்து எனக்கே வயிறு கலங்கும்.

உங்கள் முன் இருக்கும் வழிகள்

காய்ச்சி வளைப்பதில் உங்களுக்கு அனுபவம் ஆகிவிட்டது. இருந்தாலும் ஏன் என்று சொல்லிவிடுகிறேன். பட்டை எஃகை ஆலையில் 850 டிகிரிக்கு மேல் காய்ச்சி, எண்ணெயில் குளிர்வித்து, மறுபடி 400, 500 டிகிரியில் பதப்படுத்துகிறார்கள். இந்தப் பதம்தான் பட்டைக்கு உயிர். உலைக்காரர் நிறத்தைப் பார்த்துக் காய்ச்சித் தண்ணீர் ஊற்றும்போது அந்தப் பதம் கலைகிறது. தண்ணீர் பட்ட இடம் கண்ணாடிபோல நொறுங்கும் தன்மைக்குப் போகும், படாத இடம் இளகிவிடும். இளகிய இடம் மூன்று மாதத்தில் தொய்ந்தது உங்கள் அதிர்ஷ்டம், நொறுங்கும் இடம் இன்னும் உடையவில்லை. அந்தப் பட்டையோடு லோடு ஏற்றி மலை இறங்காதீர்கள். இதில் எனக்கு இரண்டாவது யோசனையே இல்லை.

சில வருடங்களுக்கு முன் இப்படிக் காய்ச்சிய முன் பட்டையோடு ஒரு வண்டி என் பட்டறைக்கு இழுத்து வரப்பட்டது. கண் வளைவை ஒட்டி மெயின் பட்டை முறிந்து, ஒரு பக்க ஆக்ஸில் பின்னுக்குப் போய், டயர் மட்கார்டைத் தின்றிருந்தது. ஸ்டியரிங்கை நேராகப் பிடித்தும் வண்டி பக்கத்து வயலுக்குள் போனது என்றார் டிரைவர். சமதளம், மெதுவான வேகம், அதனால் ஆள் பிழைத்தார். பின்னால் பட்டை ஒன்று உடைந்தால் வண்டி சாயும், சரக்கு சாயும். முன்னால் சக்கரம் எங்கே நிற்க வேண்டும் என்பதைப் பிடித்து வைத்திருப்பதே மெயின் பட்டைதான். பின்னால் செய்து பழகிய சமாளிப்பை முன்னால் செய்யக் கூடாது என்று நான் ஓயாமல் சொல்வது இதனால்தான்.

கூடுதல் பட்டைக்கு வருவோம். பட்டையின் விறைப்பு அதன் கனத்தின் மும்மடிப் பெருக்கத்தில் (கனம் × கனம் × கனம்) ஏறும். நீளமும் அகலமும் ஒன்றாக இருந்தால், ஒரு 8 மில்லி பட்டை ஒன்றரை 7 மில்லி பட்டைக்குச் சமம். உங்களிடம் இருப்பது 7 மில்லியில் ஆறு பட்டை என்று எழுதியிருக்கிறீர்கள். அதில் 8 மில்லி ஒன்று சேர்த்தால் விறைப்பு சுமார் 25 சதவீதம் கூடும். அடி எல்லாம் சேஸுக்கும் உங்கள் இடுப்புக்கும் போகும். டிரைவர் பக்கம் மட்டும் சேர்த்தால் இரண்டு பக்கமும் இரண்டு விதமாகக் குதிக்கும், குழியில் ஸ்டியரிங் இழுக்கும். தோஸ்த் போன்ற வண்டிகளில் வரும் பாராபோலிக் பட்டைக்கு இது அறவே ஆகாது. அதில் நடுவில் கனமாகவும் ஓரத்தில் மெலிந்தும் இரண்டு மூன்று பட்டைதான் இருக்கும், இடையில் ஒன்றையொன்று தொடாமல் வேலை செய்ய வேண்டும்.

மச்சான் சொன்ன கட்டை? வேண்டாம். முன் ஆக்ஸிலில் பிரேக் பிடிக்கும்போது ஆக்ஸில் உருளப் பார்க்கும். கட்டை எவ்வளவு உயரமோ அவ்வளவு நெம்பு விசை, பட்டையை ஆக்ஸிலோடு கட்டும் யூ போல்ட்டுக்குப் போகும். கட்டை நழுவினால் என்ன ஆகும் என்பதை மேலே சொன்ன வயல் கதையிலிருந்து ஊகித்துக்கொள்ளுங்கள். பட்டையின் ஒரு முனையைச் சேஸோடு சேர்க்கும் ஷேக்கிளை நீளமாகப் போடலாம் என்றும் சிலர் சொல்வார்கள். ஐந்து சென்டிமீட்டர் நீட்டினால் கிடைப்பது ஏறக்குறைய இரண்டரைதான், அதோடு ஆக்ஸிலின் சாய்கோணமும் மாறி ஸ்டியரிங் தானாக நேருக்குத் திரும்பும் குணம் கெடும்.

மிச்சமிருப்பது இரண்டு பக்கமும் கம்பெனி அளவிலேயே புது செட் போடுவது. கிளீனர் பக்கம் நன்றாகத்தானே இருக்கிறது என்பீர்கள். அதுவும் ஒன்பது வருடம் உழைத்ததுதான். புதுசும் பழசுமாகப் போட்டால் இப்போது டிரைவர் பக்கம் சாய்வது நாளை கிளீனர் பக்கம் சாயும். கடையில் பார்ட் நம்பர் சொல்லி வாங்குங்கள். சில மாடல்களில் டிரைவர் பக்கப் பட்டைக்கு வளைவு சற்று அதிகம், நம்பரும் வேறு.

வேலை நடக்கும்போது பக்கத்தில் நில்லுங்கள்

யூ போல்ட்டைப் பழசையே மாட்ட விடாதீர்கள். ஒருமுறை இறுக்கி இழுபட்ட போல்ட் மறுபடி அதே பிடி கொடுக்காது. சென்டர் போல்ட், கண்ணுக்குள் இருக்கும் புஷ், ஷேக்கிள் பின் எல்லாமே புதிதாக இருக்கட்டும். பட்டையின் முன்பாதியும் பின்பாதியும் சம நீளமாக இல்லாத செட்டை முன்பின்னாக மாற்றி மாட்டினால் ஆக்ஸிலே இடம் மாறிவிடும். கழற்றும் முன் சாக்பீஸால் முன்பக்கத்தில் ஒரு கோடு போட்டுவிடுங்கள்.

எல்லோரும் தவறவிடும் ஒன்று இருக்கிறது. ரப்பர் புஷ் உள்ள வண்டியில் கண் போல்ட்டுகளை வண்டி ஜாக்கியில் தொங்கும்போதே முழுசாக முறுக்கக் கூடாது. கையால் இறுக்கி, வண்டியைத் தரையில் இறக்கி, எடை அமர்ந்த பிறகுதான் கடைசி முறுக்கு. தொங்கலில் முறுக்கினால் ரப்பர் திருகிய நிலையிலேயே மாட்டிக்கொண்டு சில மாதத்தில் கிழிந்துவிடும். "நாங்க எத்தனை வண்டி பண்ணியிருக்கோம்" என்பார்கள். சிரித்துக்கொண்டே இறக்கச் சொல்லுங்கள்.

மாட்டியதும் முன்பக்கம் உயர்ந்திருக்கும், அதனால் ஸ்டியரிங் வளையம் நேராக இருக்காது. அதை ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டிராக் லிங்க் கம்பியில் சரிசெய்து, டோ-இன் (முன் சக்கரங்கள் உள்நோக்கித் திரும்பியிருக்கும் அளவு) பார்த்து, சுவரில் வெளிச்சம் அடித்துப் பார்த்து ஹெட்லைட் வெளிச்சத்தை இறக்கிவிடுங்கள். பிரேக் ஹோஸ் இழுபடுகிறதா என்று ஸ்டியரிங்கை இரண்டு கோடிக்கும் திருப்பிப் பாருங்கள். இன்னொன்று, பின்பக்கத்தில் கை வைக்காதீர்கள். பல பிக்கப்களில் பின் ஆக்ஸிலுக்கும் சேஸுக்கும் இடையே சுமையைப் பார்த்துப் பின் பிரேக்கை அளக்கும் ஒரு வால்வு இருக்கிறது. பின் பட்டையை உயர்த்தினால் லோடு இருந்தாலும் வண்டி காலி என்று அது நினைத்துப் பின் பிரேக்கைக் குறைத்துவிடும்.

சட்டமும் பில்லும்

கழன்றதற்கு அதே அளவில் புதியது போடுவது பழுதுபார்ப்பு. அதற்கு யார் அனுமதியும் வேண்டாம். கட்டை வைத்துத் தூக்குவது வேறு. மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52 தயாரிப்பாளர் கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவின்படி அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டுமே. அந்த இரும்பு கார்டும் இதில் மாட்டும். அது 52-ஆம் பிரிவுக்கு எதிரானது என்று 2017 டிசம்பரிலேயே மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. பட்டைக்கும் கெடுதல், எஃப்.சி.க்கும் தொல்லை. கழற்றி எடைக்குப் போட்டால் யூ போல்ட் செலவுக்காவது ஆகும்.

சீசனில் ஒன்றே கால் டன் வண்டியில் இரண்டு டன் ஏற்றுவதாக எழுதியிருக்கிறீர்கள். திட்டமாட்டேன், வாடகை நிலவரம் எனக்கும் தெரியும். ஆனால் பிரிவு 194-இன்படி ஓவர்லோடுக்கு 20,000 ரூபாய், மேற்கொண்டு கூடும் ஒவ்வொரு டன்னுக்கும் 2,000. ஒரு தடவை பிடிபட்டால் ஒரு சீசன் மிச்சம் போய்விடும். புதுப் பட்டை போட்டதால் ஆர்.சி.யில் உள்ள எடை ஒரு கிலோகூட ஏறாது.

"வாடகை வண்டிக்கு கியாரண்டி இல்லை" என்று சொன்ன பட்டறைக்காரரை நீங்கள் அப்படியே நம்பிவிட்டீர்கள். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019 வணிக நோக்கத்துக்கு வாங்குபவரை விலக்கி வைக்கிறது, அது உண்மை. ஆனால் சுயதொழில் செய்து பிழைப்பதற்காக மட்டுமே பயன்படுத்துபவரை அதே சட்டம் நுகர்வோராகத்தான் பார்க்கிறது. ஒரே வண்டி, நீங்களே ஓட்டுகிறீர்கள், வேறு வருமானம் இல்லை. உங்களுக்குப் புகார் செய்ய வழி இருக்கிறது. கால வரம்பு இரண்டு வருடம், உங்களுக்கு எட்டு மாதம்தான் ஆகியிருக்கிறது. முதலில் 1915 என்ற எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்தைக் கேளுங்கள். ஆனால் கையில் பில் இல்லை என்கிறீர்கள். ஜி-பே அனுப்பிய பதிவும், கழற்றப்போகும் அந்தப் பட்டையும்தான் உங்கள் சாட்சி. பட்டையைப் பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிடாதீர்கள். அந்தத் தொகைக்காக வழக்கு வரை போவது லாபமா என்பது வேறு கணக்கு. நானாக இருந்தால் ஒரு நோட்டீஸ் அனுப்பிவிட்டு, அவர் பாதியைத் திருப்பிக் கொடுத்தால் வாங்கிக்கொண்டு வேலையைப் பார்ப்பேன். புதுப் பட்டைக்கு மட்டும் பார்ட் நம்பரோடு ஜி.எஸ்.டி. பில் வாங்காமல் வராதீர்கள்.

எஃப்.சி.க்கு ஐந்து வாரம் இருக்கிறது. இந்த வாரமே அளந்து, அடுத்த வாரம் மாற்றிவிடுங்கள். புதுப் பட்டை முதல் சில நூறு கிலோமீட்டரில் கொஞ்சம் அமரும். 500 கிலோமீட்டர் ஓடியதும் யூ போல்ட்டுகளை ஒருமுறை இறுக்கி, ஹெட்லைட்டை மறுபடி பார்த்துவிட்டு ஆர்.டி.ஓ. மைதானத்துக்குப் போங்கள். எடை மேடையில் எடுத்த நாலு மூலை அளவுகளை எனக்கும் அனுப்புங்கள். சேஸ் அளவில் வித்தியாசம் இல்லை என்று வந்தால் மட்டும், பட்டைக்கு ஆர்டர் கொடுக்கும் முன் ஒரு போன் போடுங்கள்.